வற்றினால் தெரியும் கோடு

ஆறு கடலில் சேரும் இடத்தில், கரைக்கு ஒன்றாக இரண்டு எல்லைக்கற்கள் நின்றன. வடக்கு மாவட்டத்துக்கு வடகல், தெற்கு மாவட்டத்துக்குத் தென்கல்.

நடு ஆற்றில் கம்பு ஊன்றிக் கட்டிய வலையில் ஒரு ஆமை சிக்கியிருந்தது. மூக்கு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கடல் ஏறிக்கொண்டிருந்தது.

"அறுத்து விட்டுடட்டுமா ஐயா?" என்று வடகரை நண்டு கேட்டது.

"அவசரப்படாதே. வலை தெற்குப் பக்கம் இருந்தா நீ தொடக்கூடாது," என்றது வடகல்.

"எங்க பக்கம்னு யார் சொன்னது?" என்றது தென்கல். "தண்ணி வற்றினதும் கடைசியா ஒரு கோடா ஓடுமே, அதுதான் எல்லை. ஆவணத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்போ வற்றட்டும், பார்த்துக்கலாம்."

"எந்த மாவட்டமானாலும் சரி," என்றது ஆமை.

"தண்ணி ஏறுதே ஐயா," என்றது நண்டு.

"ஏறினது இறங்கித்தானே ஆகணும்," என்றன இரண்டு கற்களும். அன்று அவை ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

நண்டு கொடுக்கை விரித்தபடியே நின்றது. ஆமையின் மூக்கு ஒருமுறை எக்கியது. பிறகு தெரியவில்லை.

மாலையில் தண்ணீர் வற்றியது. ஆமை சரியாக அந்தக் கோட்டின் மேலேயே கிடந்தது.

இப்போது யாராவது எல்லை எது என்று கேட்டால், இரண்டு கற்களும் தயங்காமல் அந்த ஆமை ஓட்டைத்தான் காட்டுகின்றன.