ஒற்றை உயிர்க்கோடு

மூத்தவன் விழுந்தான். அதே கணத்தில் இளையவனும் விழுந்தான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் இருவரும் எழுந்து நின்றார்கள். எதிரி மறுபடி அடித்தான். மூத்தவன் விழுந்தான். இளையவனும்.

காலையிலிருந்து இதையே செய்துகொண்டிருக்கிறாள்.

பல கம்பெனிகளின் நாயகர்கள் ஒரே களத்தில் மோதும் சண்டை வீடியோ கேம் அது. சென்னையின் இந்தச் சின்னக் கம்பெனிக்கு அதில் ஓர் இடம் கிடைத்திருந்தது. அந்த ஓர் இடத்தில் அவள் இரண்டு பேரை நிறுத்தினாள். அண்ணன், தம்பி. கடல்காரர்கள். இடுப்போடு இடுப்பு கயிறு கட்டியவர்கள். மூத்தவன் வலையை எறிவான். ஓர் இமைப்பு தள்ளி இளையவன் இழுப்பான்.

இருவருக்கும் சேர்த்து ஒரே உயிர். திரையின் மேல் ஓரத்தில் ஒரு நீலக் கோடு. அது தீர்ந்தால் இருவரும் காலி.

டீம் லீடர் வசந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. ஜோடி என்றால் ஒருத்தன் போனாலும் மற்றவன் நின்று ஆட வேண்டும் என்றார். அவள் ஒரு மாதம் சண்டை போட்டாள். ஜெயித்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. நான்கு மணிக்கு எல்லாவற்றையும் அனுப்பிவிட வேண்டும்.

செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போன அவளுடைய அண்ணன்களின் வள்ளம் இன்னும் கரைக்கு வரவில்லை.

ஆபீசில் யாருக்கும் தெரியாது.

ஊரில் அவள் தெருவில் ஒரு வழக்கம். கூடப்பிறந்தவர்கள் ஒரே வள்ளத்தில் ஏற மாட்டார்கள். பெரியண்ணன் கஸ்பாருக்குச் சொந்த வள்ளம். சின்னண்ணன் இன்னாசி சித்தப்பாவின் வள்ளத்தில் போவான். ஏன் என்று யாரும் சொன்னதில்லை. கேட்கிற அளவுக்கு யாரும் முட்டாளும் இல்லை.

ஆனால் கேமில் அவளுக்கு அசைவு சரியாக வரவில்லை. அண்ணன்கள் தனித்தனியாக எடுத்து அனுப்பிய வீடியோக்களைப் பார்த்துத்தான் வரைந்தாள். மூத்தவன் எறிவது சரி. இளையவன் இழுப்பது சரி. சேர்த்து வைத்தால் யாரோ இரண்டு பேர்.

ஒரே ஒரு தடவை சேர்ந்து போங்களேன் என்று கேட்டாள். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் என்றாள்.

செவ்வாய் காலை வீடியோ வந்தது. நாற்பது விநாடி. போனை எதிலோ கட்டி வைத்திருந்தார்கள். கடல் சாய்ந்து சாய்ந்து தெரிந்தது. கஸ்பார் வலையை விட்டான். இன்னாசி கயிற்றை மறந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தான்.

"ஏட்டி, உன் பொம்மைக்கு என் மீசைய வச்சிரு. இல்லன்னா படத்த அழிச்சிருவேன்."

"கயித்தப் பிடில மொதல்ல" என்றான் கஸ்பார்.

அன்றே இளையவனுக்கு மீசை வைத்தாள். அசைவும் சரியாக வந்தது. அண்ணன் தம்பியாகவே வந்தது.

அன்று பதினோரு மணிக்குக் கடலில் காற்று திரும்பியது.

சித்தப்பா நேற்றும் போனில் கேட்டார். வயித்து வலின்னு எங்கிட்ட சொல்லிட்டு அண்ணங்கூட ஏறிருக்கான், என்னத்துக்கு? அவளிடம் கேட்கவில்லை. பொதுவாகத்தான் கேட்டார். அவள் போனை வைத்துவிட்டாள்.

ஊருக்குப் போகப் புதன்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். போகவில்லை. வியாழக்கிழமைக்கும் எடுத்தாள்.

மூன்று மணிக்கு வசந்தன் முன்னால் போய் நின்றாள். நீலக் கோட்டை ஆளுக்கொன்றாக, இரண்டாக்க வேண்டும் என்றாள்.

"நீதானம்மா ஒத்தக்கால்ல நின்ன? ரெண்டு பேர் இல்ல சார், ஒரே ஆளுன்னு."

"ஒருத்தராவது நிக்கணும் சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். தலையசைத்தார்.

ஒரு மாதச் சண்டை. பத்து நிமிட வேலை.

எதிரியை அடிக்க விட்டாள். மூத்தவன் விழுந்தான்.

இளையவன் நின்றான்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தனியாக ஆட அவனுக்கு அவள் எதையும் வரைந்திருக்கவில்லை. தெரிந்ததைச் செய்தான். கயிற்றை இழுத்தான். மறுமுனையில் கிடந்தவன் ஓரடி நகர்ந்து வந்தான். மறுபடி இழுத்தான்.

அவள் அவசரமாகப் பொத்தானை அழுத்தினாள். இந்த முறை இளையவனை விழ விட்டாள்.

மூத்தவன் வலையை எறிந்தான். இழுக்க ஆளில்லை. வலை அப்படியே கிடந்தது. அதன் மேலேயே இன்னொன்றை எறிந்தான்.

மேசையில் போன் அதிர்ந்தது. சித்தப்பா.

எடுத்தாள். அவருக்குப் பின்னால் அலைச்சத்தம். பெண்கள் பலர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அழுகிறார்களா என்று தெரியவில்லை.

"ஏட்டி, ஒருத்தன் கெடச்சிட்டான். உசிரோட இருக்கான். மணப்பாட்டு வள்ளக்காரனுவ தூக்கிட்டு வந்துட்டானுவ."

அவருக்கு மூச்சு வாங்கியது. அடுத்து பெயர்தான்.

"சொல்லாதீங்க, சித்தப்பா."

"என்னட்டி?"

"பேரச் சொல்லாதீங்க. மொதல்ல நான் ஒண்ணு சொல்லணும்."

பெண்களின் சத்தம் மெல்லக் குறைந்தது. அவர் எங்கோ ஒதுங்கி நடந்துகொண்டிருந்தார். மணலில் செருப்பு இழுபடுவது கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் இருவரும் எழுந்து நின்றார்கள். இரண்டு கோடுகளும் நிறைந்திருந்தன.

எதிரி கையை ஓங்கினான். அவள் ஆட்டத்தை அப்படியே நிறுத்தினாள்.

"நாந்தான் சேந்து போகச் சொன்னேன்" என்றாள்.