பெறுநர் நேரில் வர வேண்டும்

கேரட்டை நறுக்கக் கூடாது, துருவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டாள்.

வாசலில் ஒரு கால் ஷூவோடு திரும்பினாள். புனேயில் பழுது பார்க்கக் கொடுத்த ரைபிள் வந்துவிடும், போன் வந்தால் எடு அம்மா என்றாள்.

சரி என்றேன்.

சூலூருக்குப் பிரியும் ரோட்டு முனையில் அவள் ஸ்கூட்டரை லாரி இடித்தபோது மணி எட்டே முக்கால்.

பன்னிரண்டாம் நாள் போன் வந்தது.

எடுத்தேன்.

பார்சல் அலுவலகத்தில் பெட்டி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் இருந்தது. என் தோள் உயரத்துக்கு நிற்கும். மேலே அவள் பெயர், நிவேதினி. அதன் கீழே, ‘ரைபிள், பழுது நீக்கியது.’

பெறுநர் நேரில் வர வேண்டும் என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

இறப்புச் சான்றிதழை நீட்டினேன்.

வெகுநேரம் படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, துப்பாக்கி ஆயிற்றே, லைசென்ஸ் வேண்டுமே என்றார்.

இது காற்றுத் துப்பாக்கி, போட்டியில் சுடுவது, லைசென்ஸ் தேவையில்லை என்றேன். அவளுடைய பயிற்சியாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியிருந்த வாக்கியம்.

அப்படியென்றால், தேவையில்லை என்று யாராவது எழுதித் தர வேண்டும் என்றார்.

காவல் நிலையத்தில் கேட்டேன். தேவைப்படுவதற்குத்தான் காகிதம் தருவோம் என்றார்கள். கலெக்டர் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள். அதை வாங்கப் போன இடத்தில், பெண்ணின் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்றார்கள்.

துப்பாக்கி என்றேன்.

வரிசையில் எனக்குப் பின்னால் இருந்தவர் ஓரடி தள்ளி நின்றார்.

பதினைந்து நாள்தான் வைத்திருப்பார்கள். பிறகு புனேக்கே திரும்பிவிடும். போனால் எல்லாவற்றையும் பிரித்து, கடையிலிருந்து வந்த நாள் போல ஆக்கிவிடுவார்கள் என்றார் பயிற்சியாளர். தோளுக்கு இவ்வளவு, கைக்கு இவ்வளவு, கன்னத்துக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு திருகாக அவள் தன் உடம்புக்கு வைத்துக்கொள்ள இரண்டு வருடம் ஆனதாம்.

எனக்குத் தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாள் என்று நினைத்திருக்கிறேன்.

பெட்டி வந்த பதினான்காம் நாளும் பார்சல் அலுவலகத்தில் போய் நின்றேன். கவுன்ட்டர்காரர் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“ஏனுங்கம்மா, நானே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டாந்து குடுத்தர்றனுங்க. அவிங்க உங்ககிட்டக் குடுத்தா எனக்கென்னங்க.”

ஆட்டோவில் பெட்டி எங்கள் இருவர் மடியிலும் கிடந்தது. பள்ளம் வந்தபோதெல்லாம் அவர் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் ஆயுதப்படையிலிருந்து ஒருவரை வரவழைத்தார். சுடலைமுத்து என்று பெயர். துப்பாக்கிகளைப் பழுது பார்த்தே முப்பது வருடம் கழித்தவர். அவர் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள்.

சுடலைமுத்து பெட்டியைத் திறந்தார்.

பகல் வெளிச்சத்தில் நானும் அதை முழுதாகப் பார்த்தது அன்றுதான். துப்பாக்கி போலவே இல்லை. எலும்பும் மூட்டுமாக இருந்தது.

காற்றுத் துப்பாக்கிதானா என்று குழலுக்குள் பார்க்க வேண்டும். பின்பக்கமாகப் பார்ப்பதுதான் முறை. கன்னம் வைக்கிற பலகை மறைத்தது. அதைக் கொஞ்சம் இறக்கினால் போதும் என்று அவர் சட்டைப் பையிலிருந்து திருகுச் சாவியை எடுத்தார்.

என் கை அவர் கைமேல் இருந்தது. எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை.

“அது எம்புள்ள கன்னம் வெச்ச எடமுங்க. அத மட்டும் அசைக்காதீங்க.”

இன்ஸ்பெக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

சுடலைமுத்து சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தை வைத்து, அதன்மேல் டார்ச் அடிக்கும்படி கவுன்ட்டர்காரரிடம் சொன்னார். பிறகு தரையில் மண்டியிட்டு, குழலின் வாயில் தன் கண்ணை வைத்தார்.

வாய்ப்பக்கம் ஒருநாளும் கண்ணைக் கொண்டுபோகாதே என்று ஆயிரம் போலீஸ்காரர்களுக்காவது சொல்லிக்கொடுத்தவராம். இன்ஸ்பெக்டர் பிறகு சொன்னார்.

அவர் எழுந்திருக்க நேரமாயிற்று.

“நீங்களும் பாருங்க தாயி.”

குனிந்தேன்.

வெளிச்சம் வளையம் வளையமாகச் சுருண்டு உள்ளே போனது. குழலுக்குள் வெட்டியிருந்த கோடுகள் சேர்ந்தே திரும்பின. ஒன்றுகூட மற்றொன்றைத் தொடவில்லை. வெகுதூரத்தில், ஒரு மிளகளவு வெள்ளை.

இதயம் ஒருமுறை துடித்து, அடுத்த முறை துடிப்பதற்குள் சுட வேண்டும் அம்மா என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். பேச்சுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

என் துடிப்பு எனக்குக் கேட்டது.

ஒன்று.

பிறகு ஒன்று.

நடுவில் அவ்வளவு இடம் இருந்தது.

நான் நகர்ந்ததும் கவுன்ட்டர்காரர் டார்ச்சைக் கான்ஸ்டபிள் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்து குனிந்தார். அவருக்குப் பிறகு அந்தப் பெண். கடைசியில் இன்ஸ்பெக்டர், தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு.



காற்றுத் துப்பாக்கி, உரிமம் தேவையில்லை என்று சுடலைமுத்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதினார். எழுத்து குண்டு குண்டாக இருந்தது.

நான்கு வருடம் ஆகிறது. மாதத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, உலோகத்தை மட்டும் துடைக்கிறேன்.

கன்னப் பலகையின் தண்டில் ஒரு சின்ன அளவுகோல் பொறித்திருக்கிறது. கோடு ஆறரையில் நிற்கிறது.