நாலாவது தட்டு

இரண்டு தேங்காய் மக்ரூன்களைத் தின்று முடித்துவிட்டு மாமியார் தட்டைத் தள்ளினார்.

"உள்ளே வேகவே இல்ல. தொண்டையில ஒட்டுது."

மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். காலையிலிருந்து இது மூன்றாவது தட்டு. முதல் தட்டு திகட்டியதாம், இரண்டாவது கருகிவிட்டதாம்.

வெளியூரிலிருந்து அப்போதுதான் வந்து நுழைந்த கணவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பெட்டியை வைத்துவிட்டு அவள் பின்னாலேயே போனான்.

"எதுக்கு இந்தப் பாடு படுறே? அம்மாவை நானே கேட்கிறேன்."

"ஐயோ, ஒரு வார்த்தை கேட்டுடாதீங்க!" என்று வழிமறித்தாள். பிறகு, அடுத்த தட்டுக்கு அளந்து வைத்திருந்த சர்க்கரையில் பாதியை எடுத்து டப்பாவில் திரும்பக் கொட்டினாள்.

"பாதி சர்க்கரையா? சப்புனு இருக்குமே! மறுபடியும் திட்டு வாங்கப்போறே."

"வாங்கணும்ங்க. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாளா அத்தை பச்சைத்தண்ணி தவிர எதையும் தொடல. எதைச் செஞ்சு கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. இன்னைக்கு முதல் தட்டுல கைதவறி சர்க்கரை கூடிப்போச்சு. குறை சொல்றதுக்காகவே இன்னொண்ணையும் எடுத்துக் கடிச்சாங்க!"

அவன் சர்க்கரை டப்பாவை மூடி அலமாரியில் வைத்தான்.

கூடத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது.

"அடுத்த தட்டு எங்கேம்மா? அதுல என்ன கோளாறு பண்ணி வெச்சிருக்கேனு பார்க்கணும்!"