தலைவர் படுத்த கட்டில்

கட்டில் தயாராக இருந்தது. வெள்ளை விரிப்பு, உறை மாற்றிய தலையணை, பக்கத்து முக்காலியில் தண்ணீர்ச் செம்பு. நோயாளி வந்து படுக்க வேண்டியதுதான் பாக்கி.

விரிப்பின் சுருக்கத்தை நீவிவிடக் குனிந்தாள் நர்ஸம்மா.

"தொடாதீங்கம்மா!" என்று பதறினார் தொல்பொருள் துறை அதிகாரி. "தலைவர் காய்ச்சலோட மூணு நாள் படுத்திருந்த கட்டில் அது. இந்த அறை அப்படியே இருக்கணும். வேணும்னா மாடியில ஆஸ்பத்திரி வச்சுக்குங்க."

மாடிக்குப் போவது வளைந்து வளைந்து ஏறும் ஒற்றையாள் படிக்கட்டு. நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டியவர்கள் ஸ்ட்ரெச்சரைக் கண்டார்களா என்ன? மொத்த வீட்டிலும் அது நுழையும் அகலத்தில் வாசல் இருந்தது இந்த அறைக்கு மட்டும்தான்.

"வலி எடுத்தவளை அந்தப் படியில எப்படி சார் தூக்கிட்டுப் போறது? போன மாசம் தையல்காரர் மருமக, டவுனுக்குப் போற வழியில வண்டிக்குள்ளேயே போயிட்டா. தாயும் புள்ளையும்." அந்தப் பெண்ணின் கையைக் கடைசிவரை பிடித்திருந்தவள் நர்ஸம்மாதான்.

"எனக்கு மட்டும் கல் நெஞ்சாம்மா? ஆனா யோசிங்க. கடை கட்டுறதுக்காக இந்த வீட்டை இடிக்க வந்தப்போ, ஊர்க்காரங்க இந்தக் கட்டிலைக் காட்டித்தானே தடுத்தீங்க? தலைவர் இங்க தங்கினார்ங்கிறதுக்கு இது ஒண்ணுதான் ஆதாரம். இது இல்லேன்னா நாளைக்கே புல்டோசர் வந்து நிக்கும்."

அவள் கொத்தனாரைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்காக ஆறு வருஷம் அவளோடு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர், கூலியே வேண்டாம், சுவரெல்லாம் நான் பூசித் தருகிறேன் என்றவர், இன்றைக்கென்று வாயைப் பூட்டிக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து ஒரு மரச் சில்லை எடுத்து, கட்டிலின் பின்கால் ஒன்றுக்கு அடியில் செருகினார். அது ஆடும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"பாருங்க, இவருக்கு இருக்கிற பக்திய!" என்று மெச்சிய அதிகாரி, ஆஸ்பத்திரி கேட்டு அவள் கொடுத்திருந்த மனுவில் 'அனுமதி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

நர்ஸம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள்; இங்கே ஏணியே போய்விட்டது. இனி எந்த வாசலைத் தட்டுவதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"மூணு நாள் படுத்துட்டுப் போன மனுஷனுக்கு ஒரு அறை. பெத்துப் பிழைக்க வேண்டியவளுக்கு ஒரு மூலை இல்ல. ஏண்ணே, நீங்களாவது ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?"

"என்னத்தைப் பேசுறது தங்கச்சி? வீடு பிழைக்கட்டும்னு பிள்ளையார் பிடிக்கப் போனேன், குரங்கா முடிஞ்சிருச்சு."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். கொத்தனார் சுவரைப் பார்த்தபடி சொன்னார்:

"இது என் கல்யாணக் கட்டில்."