முட்டை நாத்தம்

"குடலைப் பொரட்டுதுடி ஜோதி!" துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்தில் நின்று கத்தினார் இராமலிங்கம். அழுகிய முட்டை நாத்தம் வீடெல்லாம் அடித்தது. பௌர்ணமியும் அதுவுமாக, கிரிவலப் பாதையில் இருக்கிற சுத்த சைவ வீட்டில் முட்டை!

இப்போதுதான் குளித்துவிட்டு, அண்ணாமலையார் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார். மாலை நழுவுகிறதே என்று ஒரு கம்பியை வளைத்து மாட்டிவிட்டு வந்திருந்தார். கரண்ட் போனாலும் சாமி இருட்டில் இருக்கக்கூடாதென்று, படத்தடியில் பழைய ஸ்கூட்டர் பேட்டரி வைத்துக் குட்டி பல்பு எரியவிட்ட மனுஷர். அவர் வீட்டிலா இந்த அசிங்கம்?

"சாமி ரூம் பல்பு கூட எரியலபோல, உள்ள இருட்டா இருக்குதுங்க," என்றாள் மனைவி ஜோதியம்மாள்.

"எப்படி எரியும்? நாத்தம் தாங்காம சாமியே கண்ண மூடிக்கிச்சு!"

விறுவிறுவென்று போய்ப் பின்போர்ஷன் கதவை இடித்தார். கவிச்சி வாசம் வரவே கூடாது என்று சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லித்தான் முபினுக்கும் அவன் மனைவி ஜாஹிராவுக்கும் வாடகைக்கு விட்டிருந்தார். கதவு திறந்ததும் அவன் முகத்தைப் பார்க்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"இன்னிக்கே காலி பண்ணு."

"ஐயா, நாங்க இன்னும் அடுப்பே பத்த வைக்கலைங்க." முபினும் கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தான். "ஜாஹிராவுக்கு இது ஒம்போதாவது மாசம். திடீர்னா எங்கங்க போவேன்?"

"தின்னுட்டுப் பொய் வேறயா? சீ!"

அதற்குள் பூஜை அறையிலிருந்து ஜோதியம்மாள் அலறினாள். "ஐயோ, இங்க வந்து பாருங்க!"

இருவரும் ஓடினார்கள். மாலையோடு மாட்டிய கம்பி கழன்று, பேட்டரியின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்து, செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. பேட்டரி வயிறு உப்பிப் புஸ்ஸென்று புகை கக்கியது. உள்ளே அமிலம் கொதித்த அந்தப் புகையில்தான் அத்தனை அழுகிய முட்டை நாத்தமும்.

முபின் துடைப்பக்கட்டையால் கம்பியைத் தட்டிவிட்டு, ஜன்னலைத் திறந்தான். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் திரைச்சீலை பற்றியிருக்கும்.

இராமலிங்கம் முபின் பக்கம் திரும்பினார். "நாத்தம் வந்ததுமே நீயாவது வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா?"

முபின் தயங்கினான். ஜோதியம்மாளைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"நீங்கதான் ஒளிச்சி முட்டை சாப்பிடறீங்கன்னு நெனச்சேங்க. அதான் யார்கிட்டயும் சொல்லல."