கண்ணாடியில் ஒட்டிய தாள்

அண்ணா,

நேற்று அப்பாவின் நாற்பதாம் நாள் சாப்பாட்டுக்கு அம்மா வாசல் பக்கம் உட்கார்ந்தாள். லத்திங் மாமா ஜன்னலோரம். நான், அப்பா வளர்த்த நீர் ஓணான்களின் தொட்டிக்குப் பக்கத்தில். உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை.

"உன் அண்ணன் சுராபாயாவுல கப்பல் ஏறுறதுக்குள்ள, இந்த ஓணான் மக்காவுக்கே நடந்து போயிட்டு வந்துடும்" என்று மாமா சத்தமாகச் சிரித்தார். ஓணான்கள் இரண்டும் மிரண்டுபோய்க் கண்ணாடியில் மோதின. அவற்றுக்கு ஆள் நடமாட்டம் தெரியாமலிருக்க அப்பா சாகோ மாவுக் கூழ் தடவி ஒட்டிய செய்தித்தாள்கள் எப்போதோ உரிந்துவிட்டன. பெரியதற்கு மூக்கில் ரத்தம்.

இன்று காலை கண்ணாடி முழுக்கத் தாள் ஒட்டியிருந்தது. ஓரங்கள் அப்பா மடிப்பதுபோலவே மடிக்கப்பட்டிருந்தன. பெரிய ஓணானின் மூக்கில் மஞ்சள் பூசியிருந்தது.

"நீ ஒட்டுனியாம்மா?"

"எனக்கெதுக்குடி அந்த வேலை? நீதான்னுல்ல நெனச்சேன்."

ஒரு மூலைக்குச் செய்தித்தாள் போதவில்லை போலும். 'எனக்கு வர நேரமில்லை, ஓணான்களை விற்றுவிடு' என்று நீ எழுதிய கடிதம் அங்கே ஒட்டியிருக்கிறது.

நான் விற்கப்போவதில்லை.

அடுப்பை இன்னும் யாரும் மூட்டவில்லை. கூழ்ச்சட்டி சுடுகிறது. அதிலேயே விரலால் தொட்டு இந்த உறையை ஒட்டி, இன்றைய கப்பலில் கொடுத்தனுப்புகிறேன்.

சலேகா