இரண்டாவது விடை

"பத்திரிகைக்காரங்க கீழே வந்து உட்கார்ந்தாச்சு. இப்போ போய்ப் பொறுங்கன்னா என்ன அர்த்தம் மேடம்?"

கணித ஆய்வு மையத்துக்கு அந்த வாரம்தான் வந்திருந்த புது இயக்குநர், நாற்காலியில் உட்காராமலே கேட்டார்.

சரிபார்ப்பு அதிகாரி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இரண்டாவது கணினி இன்னும் முடிக்கலை சார். காலைல விடை வந்துடும்."

"முதல் கணினிதான் பகா எண்ணுன்னு சொல்லிடுச்சே. ஐந்து கோடி இலக்கம். இவ்வளவு பெரிய பகா எண்ணை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. இன்னும் என்ன?"

"இதை நேரா வகுத்துப் பார்க்க முடியாது சார். ஒரு படியில வந்த விடையைப் பெருக்கித்தான் அடுத்த படி. கடைசியில மீதி பூஜ்யம் வந்தா பகா எண். நடுவுல ஒரு இலக்கம் பிசகினாலும் எல்லாம் போச்சு. அதான் வேற கணினியில மறுபடி போடறோம்."

"முதல் தடவை பூஜ்யம் வந்ததே."

"பூஜ்யம் தப்பாவும் வரலாம்."

இயக்குநருக்குச் சுருக்கென்றது. "யாரோ ஆறு வருஷம் இதே தவமா இருந்திருக்காங்க. அவங்க பேரைக்கூட எனக்குச் சொல்ல மாட்டேங்கறீங்க."

"சரிபார்த்து முடியற வரைக்கும் யார் பேரையும் சொல்றதில்லை சார். ஆளைப் பார்த்துச் சலுகை காட்டிடக் கூடாது இல்லையா?"

"அடுத்தவங்க ஜெயிச்சா சிலருக்கு வயிறு எரியும். நீங்க அந்த ரகம் இல்லைன்னு நம்பறேன்."

அதிகாரி திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். மேஜைமேல் அலைபேசி அதிர்ந்தது. "நாளைக்குத்தான்டா. அம்மாவை நிம்மதியாத் தூங்கச் சொல்லு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வைத்தார்.

இயக்குநர் முணுமுணுத்துக்கொண்டே கீழே போய், அறிவிப்பை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்.

காலையில் அவர் வந்தபோது, கணினி அறையின் குளிரில் சால்வையைப் போர்த்திக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தார் அதிகாரி. திரையில் நீளமாக ஒரு மீதி. பூஜ்யம் இல்லை.

"அப்போ?"

"பகு எண் சார். இரண்டு கணக்கும் எந்தப் படியில பிரியுதுன்னும் தேடிப் பார்த்துட்டேன். தப்பு முதல் கணினியிலதான்."

இயக்குநர் மெல்ல உட்கார்ந்தார். நேற்றே அறிவித்திருந்தால் இன்றைக்கு ஊரே கைகொட்டிச் சிரித்திருக்கும்.

"மன்னிச்சுக்குங்க மேடம். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். என் மானத்தைக் காப்பாத்தினீங்க."

"பரவாயில்லை சார்."

"ஆனா அந்த மனுஷரை நினைச்சாத்தான் சங்கடமா இருக்கு. ஆறு வருஷ உழைப்பு. இடிஞ்சு போயிடுவார். அவர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? நானே நேர்ல போய்ச் சொல்லட்டுமா?"

அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"யாரும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை சார். அது நான் தேடிக் கொடுத்த எண்."